ஓன் ஆகாத வைஃபை: கடைக்குப் போக முதல் பார்க்க வேண்டியவை

வீட்டில் ரவுட்டர் வேலை செய்கிறது. மற்றவர்களின் போன்கள் எல்லாம் இணைகின்றன. ஒரு போனில் மட்டும் வைஃபை பொத்தானைத் தட்டினால் ஒரு கணம் நிறம் மாறி, திரும்பவும் சாம்பல் நிறத்துக்கே போய்விடுகிறது. சில போன்களில் "டேர்னிங் ஓன்" என்ற வசனம் வந்து அப்படியே நிற்கும். இன்னும் சிலவற்றில் பொத்தான் மங்கிப்போய், தொட்டாலும் அசையாது. இந்தப் பதிவு இந்த மூன்று நிலைக்கும் மட்டுமானது. வைஃபை ஓன் ஆகி, வீட்டு இணைப்பின் பெயரும் தெரிந்து, கடவுச்சொல் கொடுத்த பிறகு இணையவில்லை என்றால் அது வேறு கோளாறு. ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வேலை செய்கிறது என்றால் அதுவும் வேறு. ஒரு பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லை என்றால், விலை குறைந்த பல போன்களுக்கு 2.4 கிகாஹேட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரின் 5 கிகாஹேட்ஸ் பெயர் அவற்றின் கண்ணில் படாது. அது பழுதே அல்ல.

இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கடையில் போனை நீட்டி "தம்பி, வைஃபை வேலை செய்யேல்லை" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் முதலில் அன்டெனாவைப் பார்ப்பார்கள், பிறகு சொஃப்ட்வெயார் அடிப்பார்கள் (போனின் மென்பொருளைத் திரும்ப ஏற்றுவார்கள்), இரண்டுக்கும் காசு போகும். வைஃபை ஓன் ஆவதற்கும் அன்டெனாவுக்கும் சம்பந்தமே இல்லை. அன்டெனா வயரைக் கழற்றி வைத்தாலும் பொத்தான் ஓன் ஆகும். பட்டியலில் பெரும்பாலும் ஒன்றும் வராது, அவ்வளவுதான். சார்ஜ் போர்டை மாற்றுவதும் இதற்கு மருந்தல்ல.

பொத்தானைத் தட்டியதும் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆண்ட்ராய்டு முதலில் வைஃபைக்கான டிரைவரை (சிப்பை இயக்கும் நிரலை) எழுப்புகிறது. டிரைவர், பவர் ஐசியிடம் (மின்சாரத்தைப் பங்கிடும் சிப்பிடம்) மின்சாரம் கேட்டு வைஃபை சிப்புக்குக் கொடுக்க வைக்கிறது. பிறகு ஃபேர்ம்வெயார் என்ற சிறிய நிரலை அந்தச் சிப்புக்குள் ஏற்றுகிறது. மாக் முகவரியையும் (ஒவ்வொரு போனின் வைஃபைக்கும் உரிய தனி அடையாள எண்) அளவீட்டுத் தரவையும் போனின் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. சிப் "நான் தயார்" என்று பதில் சொன்ன பிறகுதான் பொத்தான் நிறம் மாறி நிலைக்கும். இடையில் எந்த இடத்தில் பதில் வராவிட்டாலும், சில விநாடிகள் காத்திருந்துவிட்டு ஆண்ட்ராய்டு பொத்தானைத் திரும்ப ஓஃப் ஆக்கிவிடும். செட்டிங்ஸ், சொஃப்ட்வெயார் கோப்புகள், போர்ட் (சிப்புகள் பொருத்தியிருக்கும் உள் பலகை) ஆகிய மூன்றில் எது பிழைத்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். அதனால்தான் ஊகத்தில் திருத்தத் தொடங்கக் கூடாது.

முதலில் புளூடூத்தைப் பாருங்கள்

இதைவிட நல்ல சோதனை வீட்டில் இல்லை. பட்ஜெட் போன்களில் வைஃபை, புளூடூத், எஃப்எம் ரேடியோ ஆகியவை அனேகமாக ஒரே சிப்பில் இருக்கும். மீடியாடெக் போன்களில் வைஃபையின் கணக்குப் பகுதி பிரதான சிப்புக்குள்ளேயே இருக்க, ரேடியோப் பகுதி மட்டும் எம்டி6625, எம்டி6631 போன்ற சிறிய துணைச் சிப்பில் இருக்கும். குவல்கொம் போன்களில் டபிள்யூசிஎன்3615, 3680, 3950 போன்ற எண்களோடு அதே வேலையை இன்னொரு சிப் செய்யும். ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் என்பதால், ஒருவரின் நிலையைப் பார்த்து மற்றவருக்கு என்ன நடந்தது என்று ஊகிக்கலாம்.

புளூடூத் ஒழுங்காக ஓன் ஆகி இன்னொரு போனையும் கண்டுபிடிக்கிறது, வைஃபை மட்டும் ஓன் ஆகவில்லை என்றால், சிப்புக்கு மின்சாரம் போகிறது, சொல்டரும் (சிப்பைப் போர்டோடு பிணைக்கும் உலோக ஒட்டு) பெரும்பாலும் நல்லது. கோளாறு சொஃப்ட்வெயார் பக்கம் இருக்கும் வாய்ப்பே கூட. இந்த நிலையில் யாராவது "ஐசி போய்விட்டது" என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம்.

வைஃபையும் புளூடூத்தும் இரண்டுமே ஓன் ஆகவில்லை, எஃப்எம் ரேடியோவும் தேடமாட்டேன் என்கிறது என்றால் இரண்டு வழிகள் உண்டு. அண்மையில் அப்டேட் வந்ததா, யாராவது சொஃப்ட்வெயார் அடித்தார்களா என்று முதலில் யோசியுங்கள். ஓம் என்றால் ஃபேர்ம்வெயாரில் சந்தேகம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் போன் விழுந்தது, நனைந்தது அல்லது நன்றாகச் சூடானது என்றால் போர்டில் சந்தேகம்.

அடுத்தது மாக் முகவரி. செட்டிங்ஸ், எபவுட் போன், ஸ்டேட்டஸ் என்று போனால் வைஃபை மாக் அட்ரஸ் என்ற வரி இருக்கும். இரண்டிரண்டாக ஆறு சோடி எழுத்தும் இலக்கமும் அங்கே இருக்க வேண்டும். 02:00:00:00:00:00 என்றோ, எல்லாம் பூச்சியமாகவோ இருந்தால், போனால் சிப்பைப் பிடிக்க முடியவில்லை, அல்லது முகவரி சேமித்திருந்த இடம் அழிந்துவிட்டது என்று அர்த்தம். "அன்அவெய்லபிள்" என்று இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆண்ட்ராய்டு 10க்குப் பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் தற்செயலான முகவரியைக் கொடுக்கும் முறை வந்துவிட்டதால், வைஃபை ஓஃபில் இருக்கும்போது சில நல்ல போன்களும் அப்படித்தான் காட்டும். புளூடூத் முடிவோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரிக்குப் பெறுமதி.

ஷவோமி, ரெட்மி போன்களில் டயல் செய்யும் இடத்தில் *#*#6484#*#* என்று அடித்தால் வன்பொருள் சோதனைப் பட்டியல் வரும். அதில் வைஃபையும் புளூடூத்தும் தனித்தனியே சோதிக்கலாம். மீடியாடெக் சிப் உள்ள பல போன்களில் *#*#3646633#*#* எஞ்ஜினியர் மோட்டைத் திறக்கும். அங்கே கனெக்டிவிட்டிப் பகுதியைப் பார்க்கலாம். மற்றப் பகுதிகளில் விளங்காத எதையும் தொட வேண்டாம்.

செட்டிங்ஸ்

இந்தப் பகுதியைக் கெதியாக முடிக்கலாம். ஏரோப்ளேன் மோட்டை ஓன் செய்து அரை நிமிடம் விட்டு ஓஃப் செய்யுங்கள். அல்ட்ரா பவர் சேவிங் போன்ற கடுமையான பற்றரிச் சேமிப்பு முறைகளை நிறுத்துங்கள். ஹொட்ஸ்பொட் ஓனில் இருந்தால் ஓஃப் செய்யுங்கள். பல மலிவு போன்களால் வைஃபையையும் ஹொட்ஸ்பொட்டையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாது. பிறகு ரீஸ்டார்ட். திரை உறைந்து நின்றால் பவர் பொத்தானை, அல்லது பவரையும் வொலியூம் டவுனையும் சேர்த்து, பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

சேமிப்பிடம் முட்டி வழியும் போன்களிலும் இந்தக் கோளாறு வரும். 16 அல்லது 32 ஜிபி போனில் வட்சப் வீடியோக்கள் நிறைந்து சில எம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், போன் தன் சொந்த அமைப்புக் கோப்புகளையே எழுத இடமில்லாமல் தடுமாறும். குறைந்தது 1 ஜிபியாவது வெறுமையாக்கி, ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

சேஃப் மோட்டில் ஒருமுறை பார்ப்பதும் நல்லது. பவர் மெனுவை வரவைத்து, பவர் ஓஃப் என்ற எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் வைஃபை ஓன் ஆனால் பின்னால் இறக்கிய ஏதோ ஒரு செயலிதான் குற்றவாளி. வைரஸ் காவல், பற்றரி சேவர், பூஸ்டர் என்று பெயர் கொண்டவற்றை முதலில் அகற்றுங்கள். "வைஃபை ஃபிக்சர்" என்று பிளே ஸ்டோரில் கிடைப்பவற்றை இறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய செயலிகளுக்கு வைஃபையை ஓன், ஓஃப் செய்யும் அனுமதியே கிடையாது. விளம்பரம் காட்டுவதைத் தவிர அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக நெட்வேர்க் ரிசெட். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிசெட் ஒப்ஷன்ஸ் என்ற வழியில் இருக்கும். சம்சுங்கில் ஜெனரல் மனேஜ்மென்ட் என்பதற்குள் ரிசெட். படங்களும் செய்திகளும் அழியாது. சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் அழியும். சிம்மின் ஏபிஎன் அமைப்பும் (மொபைல் டேட்டாவுக்கான அமைப்பு) திரும்பத் தொடக்க நிலைக்குப் போகும். டயலொக், மொபிட்டல், ஹட்ச் எதுவானாலும் அனேகமாகத் தானாக வந்துவிடும். டேட்டா வராவிட்டால் சிம்மைக் கழற்றிப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபேக்டரி ரிசெட்டுக்கு முதல்

வைஃபை இல்லாத போனை முழுதாக அழித்துத் தொடக்க நிலைக்கு ரிசெட் செய்வதில் ஒரு பொறி உண்டு. ரிசெட் முடிந்து போன் எழும்பியதும் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். அதைச் சரிபார்க்க இணையம் வேண்டும். வைஃபை இல்லை. சிம்மில் டேட்டாவும் இல்லை என்றால் போன் முதல் திரையிலேயே நின்றுவிடும். எனவே டேட்டா உள்ள சிம்மைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு போனில் போட்டுச் சரியா என்று பார்த்துவிடுங்கள். ஜிமெயில் முகவரியும் கடவுச்சொல்லும் போன் வாங்கித் தந்த மருமகனுக்கு மட்டும் தெரியும் என்ற நிலை எங்கள் வீடுகளில் சாதாரணம். அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு ரிசெட் செய்யுங்கள்.

வட்சப் பேக்கப்பும் இயல்பாக வைஃபையில் மட்டும்தான் போகும். செட்டிங்ஸ், சட்ஸ், சட் பேக்கப் என்ற இடத்தில் மொபைல் டேட்டாவிலும் பேக்கப் செய்ய அனுமதிக்கும் பொத்தான் இருக்கிறது. அதை ஓன் செய்து, வீடியோக்களைச் சேர்க்கும் தெரிவை எடுத்துவிட்டால் டேட்டா மிச்சம். படங்களை மெமரி கார்டுக்கோ, வயர் போட்டுக் கணினிக்கோ மாற்றுங்கள்.

ஃபேக்டரி ரிசெட் எதைத் திருத்தும் என்பதிலும் தெளிவு வேண்டும். அது உங்கள் தரவு இருக்கும் பகுதியை மட்டும் துடைக்கும். டிரைவரும் ஃபேர்ம்வெயாரும் இருக்கும் பகுதிகளை அது தொடாது. ஆகவே பிழைத்த அமைப்புக் கோப்பு, செயலித் தொல்லை போன்றவை தீரும். ஃபேர்ம்வெயார் கெட்டிருந்தால் தீராது. ரிசெட் செய்து ஒருமுறை பலன் இல்லை என்றால் இரண்டாவது முறை செய்வதில் அர்த்தமில்லை.

சொஃப்ட்வெயார் அடிப்பதென்றால்

பிரச்சினை அப்டேட்டுக்குப் பிறகு வந்திருந்தால் அடுத்த சிறிய அப்டேட் வந்திருக்கிறதா என்று மொபைல் டேட்டாவில் பாருங்கள். இல்லையென்றால் ஃபேர்ம்வெயாரை முழுதாக அடிக்க வேண்டும். கணினியும் பழக்கமும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். இல்லாவிட்டாலும் கடையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். போனை நிரந்தரமாகக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மாடல் இலக்கம் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் சிப் மாறலாம். சம்சுங்கில் ஓடின் என்ற கருவியில் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நான்கு கோப்புகள் ஏற்றப்படும். ஹோம் சிஎஸ்சி என்ற கோப்பைப் போட்டால் உங்கள் தரவு மிஞ்சும். வெறும் சிஎஸ்சியைப் போட்டால் எல்லாம் அழியும். பில்ட் இலக்கத்தின் (மென்பொருளின் பதிப்பு எண்) வலப்பக்கமிருந்து ஐந்தாவது எழுத்து, போனைத் தொடக்கிவிடும் பூட்லோடர் என்ற நிரலின் பதிப்பு. அதைவிடக் குறைந்த பதிப்பை ஏற்ற முடியாது. "பழைய ஆண்ட்ராய்டுக்கு இறக்கித் தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பது இதனால்தான்.

ஷவோமியில் மி ஃபிளாஷ் கருவியின் கீழ்ப்பகுதியில் "கிளீன் ஓல் அண்ட் லொக்" என்ற தெரிவு இயல்பாகவே தெரிவாகி இருக்கும். சீனாவில் விற்பனைக்கு வந்த போனில் உலகப் பதிப்பை ஏற்றி அந்தத் தெரிவோடு அடித்தால், பூட்லோடர் பூட்டிக்கொண்டு போன் எழும்பாமல் போகும். வெறும் "கிளீன் ஓல்" போதும்.

மீடியாடெக் போன்களுக்கு எஸ்பி ஃபிளாஷ் டூல். அதில் "டவுன்லோட் ஒன்லி", "ஃபேர்ம்வெயார் அப்கிரேட்", "ஃபோமட் ஓல் பிளஸ் டவுன்லோட்" என்று மூன்று தெரிவுகள். மூன்றாவதை அழுத்தவே கூடாது. அது நினைவகம் முழுவதையும் வழிக்கும்போது என்வி-ராம் என்ற சிறிய பகுதியும் போய்விடும். தொழிற்சாலையில் உங்கள் போனுக்கென்றே எழுதப்பட்ட ஐஎம்ஈஐ இலக்கம் (போனின் அடையாள எண்), மாக் முகவரி, ரேடியோ அளவீடு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இணையத்தில் இறக்கும் எந்த ஃபேர்ம்வெயாரிலும் அவை கிடைக்காது. வைஃபை திருத்தப்போய் சிம் சிக்னலையும் இழந்து வரும் போன்களின் கதை இதுதான். பட்டியலில் வீட்டு ரவுட்டரின் பெயரோடு "என்வி-ராம் வார்னிங்" என்று தொடங்கும் ஒரு பெயர் தெரிந்தால், இந்தப் பகுதி ஏற்கெனவே சேதமாகிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அந்த நிலையில் வைஃபை பெரும்பாலும் ஓன் ஆகும், ஆனால் மாக் முகவரி மாறிக்கொண்டே இருக்கும்.

எனவே அடிக்க முதல், கருவியின் ரீட்பேக் வசதியால் என்வி-ராம், என்வி-டேட்டா, புரொடெக்ட் 1, புரொடெக்ட் 2, புரோஇன்ஃபோ ஆகிய பகுதிகளைப் படித்துச் சேமிக்க வேண்டும். குவல்கொம் போன்களில் அதே கவனம் பெர்சிஸ்ட் என்ற பகுதிக்கு. வைஃபைக்கான அளவீட்டுக் கோப்பு பல மாடல்களில் அங்கே இருக்கும். அதை அழித்துவிட்டு எத்தனை தடவை ஃபேர்ம்வெயார் அடித்தாலும் பொத்தான் அசையாது. இன்னொருவரின் போனிலிருந்து என்வி-ராமை எடுத்துப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இரண்டு போனுக்கு ஒரே ஐஎம்ஈஐ வரும்; அது சட்டச் சிக்கல். போனைக் கடையில் கொடுக்க முதல் *#06# அடித்து வரும் 15 இலக்கங்களை எழுதி வைத்து, திரும்ப வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரூட் செய்த (முழு அதிகாரத்தையும் திறந்துவிட்ட) போன்களுக்கு ஒரு வார்த்தை. பூட் கோப்பை வேறு பதிப்பிலிருந்து எடுத்துப் போட்டால், அதற்குள் இருக்கும் கேர்னலின் (ஆண்ட்ராய்டின் மைய நிரல்) பதிப்பும் வைஃபை டிரைவரின் பதிப்பும் பொருந்தாமல் டிரைவர் ஏறவே மறுக்கும். மற்ற எல்லாம் வேலை செய்யும், வைஃபை மட்டும் செத்துக் கிடக்கும். தற்போதுள்ள பில்ட் இலக்கத்துக்கே உரிய பூட் கோப்பைத் திரும்ப அடித்தால் ஒரு நிமிடத்தில் உயிர் வரும். மாதக்கணக்கில் ஐசியில் சந்தேகப்படும் பலர் தவறவிடுவது இந்தச் சின்ன விடயத்தை.

போர்ட்

எங்கள் திருகோணமலையில் போர்ட் கெடுவதற்கு இரண்டு காரணங்கள் முன்னே நிற்கின்றன: உப்பும் சூடும். மூதூர், கிண்ணியாப் பக்கம் தோணியில் போகும் போன், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலில் குளிப்பவரின் பையில் கிடக்கும் போன், புறாத்தீவுக்குப் படகில் போய் அலைத் தெறிப்பு வாங்கும் போன் என்று நனைய வழி ஏராளம். முழுதாக விழ வேண்டும் என்றில்லை. சிம் தட்டின் ஓரத்தால் இரண்டு துளி உப்புத் தண்ணீர் உள்ளே போனால் போதும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் உப்பு நீர் செம்பைத் தின்னத் தொடங்கும். சில நாட்களில் பச்சைப் பூஞ்சணம் போல ஒரு படிவு வரும். அதனால்தான் "நனைந்து ஒரு கிழமை நல்லா வேலை செய்தது, பிறகுதான் வைஃபை போனது" என்பார்கள்.

கடல் நீர் பட்டால் உடனே ஓஃப் செய்யுங்கள், சார்ஜில் போடாதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி உப்பை எடுக்காது. அன்றைக்கே பின் மூடியைத் திறந்து பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் சுத்தமான தண்ணீரால் போர்டைக் கழுவ வேண்டும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் உப்பு கரையாது. நேரே அல்ககோலை ஊற்றினால் நீர் காய்ந்து உப்பு உள்ளேயே உறைந்துவிடும். வாகனப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் இதற்குப் பொருத்தம். பற்றரி அசிட்டும் அதே கடைகளில்தான் கிடைக்கும் என்பதால் போத்தலின் பெயரை வாசித்து வாங்குங்கள். அதன்பிறகு 99 வீத ஐசோபுரொப்பைலும் மென்மையான பல் தூரிகையும். சிப்புகளை மூடியிருக்கும் தகர மூடிக்குக் கீழேதான் நீர் தங்கும், ஆகவே அதைக் கழற்றிக் கழுவாத கழுவல் அரைகுறைதான். நன்றாகக் காய்ந்த பிறகே பற்றரியைப் பொருத்த வேண்டும்.

அடுத்தது சூடு. கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இங்கே பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுவது வழக்கம். மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் வெயிலில் மாட்டி மேப் பார்த்துக்கொண்டு போகும் போன் அதற்கு மேலும் பல பாகை சூடாகும். இரவில் ஆறும், பகலில் சூடாகும். சிப்பின் அடியில் இருக்கும் சொல்டர் மணிகள் விரிந்து சுருங்கி நுண்ணிய வெடிப்பு விழும். முன்னரே ஒருமுறை விழுந்த போன் என்றால் இன்னும் கெதியாக. மோட்டார் சைக்கிள் அதிர்வும் இதில் தன் பங்கைச் செய்கிறது.

இந்த வெடிப்பைக் கண்டுபிடிக்க வீட்டில் ஒரு சோதனை உண்டு. போனை ஓஃப் செய்து, தலைமயிர் உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, கமெரா இருக்கும் மேல்பக்கத்தின் பின்புறத்துக்கு ஒன்று இரண்டு நிமிடம் காட்டுங்கள். கையால் தாங்கக்கூடிய சூட்டுக்கு மேல் போக வேண்டாம், பற்றரி இருக்கும் நடுப்பகுதிக்குக் காட்டவே வேண்டாம். பிறகு ஓன் செய்து பாருங்கள். இப்போது வைஃபை ஓன் ஆகி, ஆறியதும் திரும்ப ஓஃப் ஆனால், சொல்டர் வெடிப்பு என்று பெரும்பாலும் உறுதி. தலைகீழாகவும் நடக்கும்: காலையில் குளிர்ந்த போனில் வேலை செய்து, சூடானதும் நின்றுவிடும். இது நோயைக் கண்டுபிடிக்கும் வழி மட்டுமே. யூடியூபில் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சூடு காட்டி ஓட்டினால் பற்றரியும் திரையின் பசையும்தான் கெடும்.

போர்ட் வேலை தெரிந்தவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர், ஹொட் எயார் (சூடான காற்று வீசும் கருவி) அல்ல. மீடியாடெக் துணைச் சிப்புக்கு விசிஎன்18, விசிஎன்28, விசிஎன்33 என்று மூன்று மின்வழிகள் வரும்: முறையே 1.8, 2.8, 3.3 வோல்ட். வைஃபையையோ புளூடூத்தையோ தட்டும் கணத்தில்தான் இவற்றில் சில எழும்பும் என்பதால், மீட்டர் முனையை வைத்துக்கொண்டே பொத்தானைத் தட்ட வேண்டும். ஒரு வழி வரவில்லை என்றால் அந்த வழிக்கும் நிலத்துக்கும் இடையிலான தடையை அளந்து பார்க்க வேண்டும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் அந்த வழியில் ஒரு கபாசிட்டர் ஷோர்ட் ஆகியிருக்கலாம்; உப்பு பட்ட போர்டில் இது அடிக்கடி காணக்கூடியது. அதைக் கழற்றியதுமே வைஃபை வந்துவிடும், சிப்பைத் தொடவே தேவையில்லை. வைஃபையைத் தட்டினால் போனே ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது மேல்பக்கம் திடீரென்று சுடுகிறது என்றாலும் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

மூன்று வழியும் சரி, 26 மெகாஹேட்ஸ் கடிகாரத் துடிப்பும் வருகிறது என்றால் மட்டும் சூடு. ஈயமற்ற சொல்டர் ஏறத்தாழ 217 பாகையில் உருகும். ஈயம் கலந்தது 183இல். தொழிற்சாலைப் போர்டுகள் ஈயமற்றவை. ஹொட் எயாரில் 330 முதல் 350 வரை வைத்து, நல்ல பிளக்ஸ் (சொல்டர் ஒட்ட உதவும் பசை) போட்டு, பக்கத்தில் இருக்கும் நினைவகச் சிப்பை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடிக்கொண்டு செய்வது வழக்கம். பிளக்ஸ் போடாமல் வெறும் காற்றை மட்டும் காட்டி எடுத்தால் சில கிழமையில் அதே வெடிப்பு திரும்பும். சிப்பைத் தூக்கி, பழைய சொல்டரைத் துடைத்து, புதிய மணி வைத்துப் பொருத்துவதுதான் நிலைக்கும். சிப்பை மாற்றினாலும் மாக் முகவரி போகாது, அது நினைவகத்தில் இருக்கிறது. மீடியாடெக்கில் வைஃபையின் மறுபாதி பிரதான சிப்புக்குள் இருக்கிறது என்று மேலே சொன்னேன். துணைச் சிப்பைப் புதிதாக்கியும் வரவில்லை என்றால் வெடிப்பு அந்தப் பக்கம். மலிவு போனில் அந்த வேலைக்குப் போவது என் கணக்கில் வீண்.

கடையில் என்ன கேட்பது

திருகோணமலை மத்திய வீதிப் பக்கமோ எங்கேயோ கொடுக்க முதல் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்: புளூடூத் ஓன் ஆகிறதா, மாக் முகவரி என்ன காட்டுகிறது, கோளாறு எதற்குப் பிறகு வந்தது. பிறகு கேளுங்கள்: "அடிக்க முதல் என்வி-ராம் பேக்கப் எடுப்பீங்களா? சூடு காட்ட முதல் வோல்டேஜ் பார்ப்பீங்களா?" இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் கொடுக்கலாம். "எல்லாம் செய்வம், விட்டிட்டுப் போங்கோ" என்று மட்டும் வந்தால் போனை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். சொஃப்ட்வெயாருக்கு ஒரு கூலி, போர்டுக்கு ஒரு கூலி என்று பிரித்துக் கேட்டு வைப்பதும், வராவிட்டால் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதும் பிறகு வாய்த்தர்க்கத்தைக் குறைக்கும். போர்ட் வேலைக்குக் கேட்கும் தொகை, அதே போன் இன்றைக்குப் பழசாக விற்கும் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் நான் செய்யச் சொல்லமாட்டேன். நனைந்த போன் என்றால் அந்த அளவுகூட வேண்டாம்; இன்றைக்கு வைஃபை, நாளைக்கு மைக், அடுத்த மாதம் சார்ஜ் என்று தொடரும்.

திருத்தாமலே ஓட்ட

போனில் மற்ற எல்லாம் நல்லது, மொபைல் டேட்டா மட்டும் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஓடிஜி (யூஎஸ்பி கருவிகளைப் போனில் மாட்டும் வசதி) ஆதரிக்கும் போனுக்கு யூஎஸ்பி ஈதர்நெட் அடப்டர் ஒன்றை மாட்டி, ரவுட்டரிலிருந்து லான் வயரை அதில் குத்தினால் இணையம் வரும். ஆண்ட்ராய்டு இதைத் தானாகவே அடையாளம் காணும். மேலே சிறிய அம்புக்குறிச் சின்னம் தெரியும். அடப்டருக்குள் ரியல்டெக் 8152 அல்லது ஏசிக்ஸ் 88772 சிப் இருந்தால் பெரும்பாலான போன்களில் பிரச்சினையில்லை. போனின் துளைக்கு ஏற்ப டைப்-சி அல்லது மைக்ரோ யூஎஸ்பி ஓடிஜி வயர் வேண்டும். பிள்ளையின் சூம் வகுப்புக்கும் பெரிய அப்டேட்டுகளுக்கும் இது தாராளமாகக் காணும். ஒரே துளைதான் என்பதால் அந்த நேரத்தில் சார்ஜ் போட முடியாது. நீண்ட வகுப்பென்றால் பற்றரியை நிரப்பிவிட்டு உட்கார வேண்டும்.

கணினிக்குப் போடும் யூஎஸ்பி வைஃபை குச்சியை வாங்கி மாட்டாதீர்கள். அதற்கான டிரைவர் போனில் இருக்காது, ரூட் செய்யாமல் ஏற்றவும் முடியாது. புளூடூத் மட்டும் உயிரோடு இருக்கும் போன் என்றால், வீட்டில் உள்ள இன்னொரு போனில் புளூடூத் டெதரிங் (அந்தப் போனின் இணையத்தைப் பகிரும் வசதி) ஓன் செய்து இணையம் வாங்கலாம். வேகம் மெதுவாகத்தான் இருக்கும், வட்சப் செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் போதும், வீடியோவுக்குப் போதாது.